ஆறு திருகாணி

மூன்றாம் நம்பர் மலையில்
கான் தாண்டும்போது வழுக்கியது.
முதுகில் பதினெட்டுக் கிலோ.
என்னைத் தூக்குமுன்னே
கொழுந்தைத் தூக்கி நிறுத்துவிட்டார்கள்,
பதினாறு என்று.

அன்றைக்கு எனக்கு அரைப்பேர்.
கொழும்பு ஆபீசர் முதலில் கேட்டதும் அதைத்தான்:
"விழும்போது வேலையில் இருந்தீர்களா,
வேலை முடிந்துவிட்டதா?"
அரைப்பேர்க்காரி
அரைவாசிதான் விழுந்திருப்பாள் என்பதுபோல.

கண்டி ஆஸ்பத்திரியில்
கட்டில் இலவசம்.
டாக்டர் இலவசம்.
சோறும் பருப்பும் இலவசம்.
தகடு மட்டும் ஸ்டொக் இல்லை.
"வெளியில் வாங்கவும்" என்று
சிங்களத்தில் ஒரு துண்டு, அவசர எழுத்தில்.
அண்ணன் மகன் ஜெயசீலன்
அந்தத் துண்டோடு தெருத்தெருவாய் ஓடினான்.
ஒரு தகடு, ஆறு திருகாணி:
எழுபத்திரண்டாயிரத்து நானூறு.
என் தோடு அடகுக்குப் போனது.
மீதிக்கு அவன் மோட்டார் சைக்கிள் போனது.
அதற்குப்பிறகு அவன் நடந்துதான் வருகிறான்,
என்னைவிட மெதுவாக.

தோட்டம் சொன்னது:
இந்த நாட்டில் வைத்தியம் இலவசம்,
ஆகவே செலவில்லை,
ஆகவே கொடுக்க ஒன்றுமில்லை.
கம்பனி லோயர் இதை
சின்னப்பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொன்னார்.
சங்கத்துத் தலைவர் "பேசுகிறேன்" என்றார்.
மூன்று மாதம் பேசினார்.
யாரோடு என்று தெரியாது.

முதல் தீர்ப்பு தபாலில் வந்தது,
மூன்றே வரி.
போட்டோ கொப்பிக் கடை நஸ்ருதீன் வாசித்தான்.
தமிழில் சொல்லுமுன்
கதிரையைத் தூசி தட்டி
"இருங்க அக்கா" என்றான்.
அப்போதே விளங்கிவிட்டது.

மேன்முறையீடு என்ற சொல்லை
அவனிடம்தான் படித்தேன்.
மேலே முறையிடுவது.
ஏறிப் பழகிய கால்தான், பரவாயில்லை என்றேன்.
ஆனால் கொழும்பு கீழே இருக்கிறது.
மேலே முறையிட
நாங்கள் இறங்கத்தான் வேண்டும்.

பெட்டியிலிருந்து பில்லை எடுத்தேன்.
மெஷினில் அடித்த பில்.
இரண்டு மழைக்காலத்தில்
எழுத்தெல்லாம் ஈசல்போல் பறந்துபோய்
வெறும் கடுதாசி கிடந்தது.
ஈரம் என்று நினைத்து
அடுப்போரம் பிடித்தேன்.
கறுத்துவிட்டது, முழுவதும்.
வெள்ளையாய் இருந்தபோதாவது
ஏதோ இருந்து அழிந்தது என்று சொல்லலாம்.

பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன்.
உடைந்த கண்ணாடிக்குப் பதில்
போன வருஷம் எக்ஸ்ரே படத்தை ஒட்டியிருந்தேன்.
எங்கள் லயத்தில் விடியும்போது
என் கணுக்கால்தான் முதலில் வெளுக்கும்.
அதைப் பெயர்த்தெடுத்து
ஓட்டையில் உரச்சாக்கை அடைத்து
நாலு மணி பஸ் பிடித்தேன்.

விசாரணை அறையில் இரண்டு மின்விசிறி,
ஒன்று சுற்றியது.
படத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்.
"எண்ணுங்க ஐயா."
ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எண்ணினார்.
உண்மையாகவே எண்ணினார்.
கடைசியில் அவர் உதடு சொன்னது: ஹய.
லோயர் எழும்பினார்.
"திருகாணியில் விலை எழுதியில்லையே."

அதுவும் உண்மைதான்.
யாரும் சிரிக்கவில்லை.
எழுதிக்கொண்டிருந்த பெண் மட்டும்
பேனாவை நிறுத்தி
மேசைக்கடியில் என் காலைப் பார்த்தாள்.

மருந்துக்கடைக்குக் கடிதம் போகுமாம்.
பழைய கணக்கு வருமாம்.
மார்ச் பதினேழுக்குத் தள்ளினார்கள்.
படத்தின் மூலையில்
நீல முத்திரை ஒன்று குத்தி
"இது இங்கே இருக்கட்டும்" என்றார்கள்.
தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.
பஸ் கினிகத்தேனை தாண்டும்போதுதான்
ஜன்னல் ஞாபகம் வந்தது.

இப்போது ராத்திரி.
சாக்கு நிற்கவில்லை.
காற்று வேறெங்கும் போகாமல்
நேரே கணுக்காலுக்கு வருகிறது,
ஒவ்வொரு திருகாணியாய்த் தொட்டுக் குளிர்கிறது.
இருட்டில் நானும் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆறும் இருக்கிறது.